தூக்கத்தில் நின்ற இதயங்கள்: அமெரிக்காவில் மோங் அகதிகளின் இரவு மரணங்கள்

இறந்தவர்கள் எல்லோரும் நல்ல திடகாத்திரமான ஆட்கள். வயது முப்பதைச் சுற்றி. நோய் நொடி என்று ஆஸ்பத்திரிப் பக்கம் போனவர்கள் இல்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்கள். நடுச்சாமத்தில் பக்கத்தில் படுத்திருந்த மனைவிக்கு ஒரு முனகல் கேட்டது, அப்புறம் தொண்டையில் எதுவோ அடைத்துக்கொண்டு இழுப்பது போன்ற மூச்சு. உலுக்கினார், கத்தினார், எழவில்லை. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது.

இப்படி ஒரு மரணம் 1977 ஜூலையில் முதன்முதலாகப் பதிவானது. 1981 டிசம்பரில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. தன் வார அறிக்கையில் இதைப் பற்றி எழுதியபோது எண்ணிக்கை 38 ஆகியிருந்தது. ஒருவரைத் தவிர எல்லோரும் ஆண்கள். எல்லோரும் தென்கிழக்கு ஆசிய அகதிகள். அவர்களில் பெரும்பங்கு லாவோஸ் மலைகளிலிருந்து வந்த மோங் மக்கள். அந்த ஆண்டு இளவயது மோங் ஆண்களிடையே இந்த மரணத்தின் விகிதம், அதே வயது அமெரிக்க ஆண்களைக் கொல்லும் முதல் ஐந்து இயற்கைக் காரணங்களின் விகிதங்களைக் கூட்டினால் வரும் அளவுக்கு இருந்தது. 1980களின் பிற்பகுதிக்குள் மொத்தக் கணக்கு நூறைத் தாண்டியது.

மோங் மக்களும் அமெரிக்காவும் சந்தித்துக்கொண்ட கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக ‘நவீன மருத்துவத்துக்கும் பழைய நம்பிக்கைக்கும் மோதல்’ என்று ஆரம்பிப்பார்கள். இந்த நிகழ்வில் அது பாதி உண்மைதான். மருத்துவர்கள் விடை தேடிச் சடலத்தை அறுத்தார்கள். குடும்பங்களுக்கு அந்த அறுப்பே இரண்டாவது சாவாக இருந்தது. கடைசியில் விடை கிடைத்தபோது, அது கத்தி எட்டாத இடத்தில் இருந்தது தெரிந்தது. நம்பிக்கை தோற்றது, அறிவியல் வென்றது என்று இதை முடித்துவிட முடியாததற்கு அதுதான் காரணம்.

எங்கிருந்து வந்தார்கள்

டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் தங்கம் வாங்கிய சுனி லீயைப் பலருக்கு நினைவிருக்கும். மினசோட்டா மாநிலம் செயின்ட் பால் நகரத்து மோங் பெண். இன்று அமெரிக்காவில் மூன்று லட்சத்துக்கும் அதிகமான மோங் மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் ஒரு போர்.

1961 தொடங்கி சி.ஐ.ஏ. லாவோஸில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக ஒரு மறைமுகப் போரை நடத்தியது. அமெரிக்கப் படை அங்கே இருப்பதாகவே அதிகாரபூர்வமாக ஒப்புக்கொள்ளவில்லை. வாங் பாவ் என்ற மோங் தளபதியின் கீழ் ஆயிரக்கணக்கான மோங் ஆண்கள், பின்னாளில் மீசை முளைக்காத பையன்கள்கூட, துப்பாக்கி தூக்கினார்கள். சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க விமானிகளைக் காட்டுக்குள் போய்த் தேடி மீட்டதும் இவர்கள்தான். போர் தோற்றது. 1975 மே மாதம் லோங் தியெங் விமானத்தளத்திலிருந்து வாங் பாவும் வேறு சிலரும் விமானமேறிப் போனார்கள். மிச்சப் பேர் காட்டுவழியாக நடந்து, மெக்கோங் ஆற்றை இரவில் கடந்து தாய்லாந்துக்குள் போனார்கள். மூங்கில் கட்டைகளையும் பிளாஸ்டிக் பைகளையும் மிதவையாகக் கட்டிக்கொண்டு கடந்தவர்கள் உண்டு. கடக்க முடியாமல் போனவர்களும் உண்டு. தாய்லாந்தில் பான் வினாய் முகாம். அங்கிருந்து அமெரிக்கா.

அகதிகளை நாடு முழுவதும் பரவலாகத் தூவுவது அப்போதைய அமெரிக்கக் கொள்கை. எந்த ஊருக்கும் பாரமாக இருக்கக் கூடாது, சீக்கிரம் கலந்துவிட வேண்டும் என்ற கணக்கு. பல குடும்பங்களுக்குத் தேவாலயங்கள் பொறுப்பேற்றன. நல்லெண்ணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மோங் சமூகம் பதினெட்டுக் குலங்களாக நிற்பது. திருமணமா, சண்டையா, சாவா, எதுவானாலும் குலப் பெரியவர் வந்து உட்கார்ந்தால்தான் பேச்சே தொடங்கும். அண்ணன் ஒரு மாநிலம், தம்பி ஒரு மாநிலம், சித்தப்பா இன்னும் தாய்லாந்து முகாமில் என்று பிய்த்துப் போட்ட பிறகு, ஒரு மனிதன் நடுக்குளிர்காலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக நின்றான். கோழி அறுக்க இடமில்லை. முன்னோருக்குப் படையல் வைக்கவேண்டிய முறை தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு வரச்சொல்லும் ஆதரவாளரிடம் மாட்டேன் என்று சொல்லவும் வாயில்லை.

நெஞ்சில் ஏறி உட்காரும் ஒன்று

இறந்தவர்களின் குடும்பங்களைக் கேட்டால், காரணம் தெரியாது என்று யாரும் சொல்லவில்லை. ‘டா சோ’ என்றார்கள். தூங்குபவனின் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்து மூச்சை அடைக்கும் ஆவி அது. நம் ஊரில் அமுக்குவான் பேய் என்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான். கண் விழித்திருக்கும், அறை தெரியும், ஆனால் கை கால் அசையாது, குரல் வராது. ஒருமுறை வந்து போனால் பிழைத்துக்கொள்ளலாம். திரும்பத் திரும்ப வந்தால் உயிருக்கு ஆபத்து என்பது மோங் பெரியவர்களின் எச்சரிக்கை.

சிகாகோவில் குடியேறிய ஒரு முன்னாள் மோங் போர்வீரரின் அனுபவம் 1983இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. மனைவி, குழந்தையோடு 1980இல் வந்தவர். புது வீட்டில் முதல் இரவு மூச்சு முட்டி விழித்தார். நெஞ்சின் மேல் ஒரு பூனை. இரண்டாம் இரவு ஒரு பெரிய கறுப்பு நாய். மூன்றாம் இரவு உயரமான, வெள்ளைத் தோல் கொண்ட ஒரு பெண் உருவம் மேலே கிடந்தது. அசைய முடியவில்லை. சிகாகோவில் அவருடைய நல்லூழ், மோங் சாமியாடி ஒருவர் இருந்தார், ஒரு பெண்மணி. அமைதியில்லாத ஆவி ஒன்றின் வேலை இது என்று கண்டு, அதை விலக்கும் சடங்கைச் செய்தார். அதற்குப் பின் அந்தத் தொல்லை வரவில்லை.

சாமியாடியை மோங் மொழியில் ‘ட்சி நெங்’ என்பார்கள். சடங்கு நடக்கும்போது முகத்தைக் கறுப்புத் துணியால் மூடிக்கொள்வார். ஒரு நீளமான மர பெஞ்சின் மேல் உட்கார்ந்து குதிப்பார். அதுதான் அவருடைய குதிரை, ஆவி உலகத்துக்குப் போகும் வாகனம். பக்கத்தில் ஒருவர் கண்டாமணித் தட்டை விடாமல் அடித்துக்கொண்டே இருப்பார். நோயாளியின் ஆன்மா எங்கோ பயந்து ஓடியிருக்கும், அல்லது எதனிடமோ சிக்கியிருக்கும். பன்றியோ கோழியோ பலி கொடுத்து, அதன் ஆன்மாவை ஈடாகக் கொடுத்து மீட்டு வருவார். அப்புறம் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டுவார்கள், ஆன்மா மறுபடி நழுவிப் போகாமல் இருக்க. வாடகை வீட்டில், கீழ்வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடும் ஊரில், மணி அடித்துப் பன்றி அறுத்து இதை எப்படிச் செய்வது?

நாட்டாரியல் ஆய்வாளர் ஷெல்லி ஆட்லர் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் நூற்றுக்கும் மேற்பட்ட மோங் மக்களிடம் பேசினார். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நெஞ்சழுத்தும் அந்த அனுபவம் ஒருமுறையாவது நேர்ந்திருந்தது. அவருடைய வாதம் கவனிக்க வேண்டியது. நெஞ்சழுத்தம் எல்லா நாட்டிலும் உண்டு. கனவு காணும் தூக்க நிலையில் உடல் தசைகள் தளர்ந்து கிடக்க, மனம் மட்டும் விழித்துக்கொள்வதால் வருவது. அதனால் யாரும் சாவதில்லை. ஆனால் அது வரும்போது தன்னைக் காப்பாற்ற முன்னோரும் இல்லை, சாமியாடியும் இல்லை, படையல் வைக்காத குற்றம் தன்னுடையது என்று நம்பும் ஒருவனுக்கு அந்தப் பயம் எவ்வளவு பெரிதாக இருக்கும்? ஏற்கெனவே இதயத்தில் பலவீனம் இருந்தால் அந்தப் பயம் அதைத் தூண்டிவிடாதா? இது நிரூபிக்கப்பட்ட விஷயம் இல்லை. இறந்தவர் கடைசி நிமிடத்தில் என்ன கண்டார் என்று எழுந்து வந்து சொல்லப்போவதில்லை. ஆனாலும் குலங்கள் மெல்ல மெல்லக் கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ, மெர்சட் பக்கமும், செயின்ட் பாலிலும், விஸ்கான்சினிலும் மறுபடி ஒன்றுசேர்ந்த காலத்தில்தான் மரணங்களும் குறைந்தன என்பதை அவர் வாதத்தோடு சேர்த்துப் பார்க்கலாம்.

மருத்துவர்கள் தேடிய இடங்கள்

சி.டி.சி. ஆட்கள் சும்மா இருக்கவில்லை. விஷமா என்று பார்த்தார்கள், இல்லை. தொற்றா, இல்லை. போரில் ரசாயன ஆயுதம் பட்டதன் பின்விளைவா என்ற சந்தேகமும் எழுந்தது. ‘மஞ்சள் மழை’ என்ற விஷத்தை சோவியத் ஒன்றியத்தின் கூட்டாளிகள் மோங் மக்கள் மேல் தூவினார்கள் என்று 1981இல் அமெரிக்க வெளியுறவுச் செயலர் அலெக்சாண்டர் ஹெய்க் குற்றம்சாட்டியிருந்த நேரம் அது. (அந்த மஞ்சள் புள்ளிகள் தேனீக்களின் எச்சம் என்று ஹார்வர்டு விஞ்ஞானி மாத்யூ மெசல்சன் பிறகு வாதாடினார், அது தனிக்கதை.) இரவு மரணங்களுக்கும் அதற்கும் தொடர்பு தட்டுப்படவில்லை. வைட்டமின் பி1 குறைபாடு, பொட்டாசியம் குறைபாடு என்றும் சில ஆய்வுகள் போயின. ‘துர்க்கனவு கொல்கிறது’ என்று பத்திரிகைகள் எழுதின. ஹாலிவுட்டில் ஒரு பேய்ப்படத்துக்கே அந்தச் செய்திகள் விதையாயின. போன உயிர்களுக்குக் கிடைத்த கவனம் அந்த வகையில்தான் அதிகம் இருந்தது என்பது கொஞ்சம் கசப்பான விஷயம்.

இரண்டு துப்புகள் முக்கியமானவை. சியாட்டிலில் ஆம்புலன்ஸ் ஆட்கள் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து, தென்கிழக்கு ஆசிய ஆண்கள் மூவரை உயிர்ப்பித்தார்கள். அவர்களுடைய இதயத்தின் கீழறைகள் அடிக்காமல் துடிதுடித்துக்கொண்டிருந்தன, அதாவது வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன். 1984இல் இது வெளியானது. ஆக மூச்சு அல்ல, இதயத்தின் மின்னோட்டம்தான் முதலில் கெட்டிருக்கிறது. இரண்டாவது, ரொனால்ட் மங்கர் என்ற ஆய்வாளர் பான் வினாய் முகாமுக்கே போய்ப் பார்த்தது. அமெரிக்கா கண்ணிலேயே படாத மோங் ஆண்களும் அங்கே அதேபோல் தூக்கத்தில் இறந்திருந்தார்கள். குடும்பத்தில் ஏற்கெனவே அப்படி ஒருவர் இறந்திருப்பதும் தெரியவந்தது. ‘அமெரிக்க வாழ்க்கை கொன்றது’ என்று மட்டும் சொல்லிவிட முடியாது என்பதை முகாம் காட்டியது. ஊர் பெயர்ந்து, காவல் இழந்து கிடந்த வாழ்க்கை என்ற வகையில் முகாமும் அமெரிக்காவும் ஒன்றுதான் என்பவர்களும் உண்டு. போர்ட்லண்டில் பணியாற்றிய மோங் சுகாதார ஆய்வாளர் புரூஸ் பிளியாடௌட், சடங்குகள் அறுந்துபோனதை ஒரு காரணமாக 1982இலேயே எழுதியிருந்தார்.

கத்தி

அமெரிக்கச் சட்டப்படி இளவயது ஆள் திடீரென்று காரணம் தெரியாமல் இறந்தால், மரண விசாரணை அதிகாரிக்குப் பிரேதப் பரிசோதனை செய்ய அதிகாரம் உண்டு. குடும்பத்திடம் கேட்க வேண்டிய அவசியம் பல மாநிலங்களில் இல்லை. கொலையா, தொற்றா என்று அரசுக்குத் தெரிய வேண்டும் என்பது அதன் நியாயம்.

மோங் மரபில் சாவு என்பது ஒரு பயணத்தின் தொடக்கம். ஈமச்சடங்கு மூன்று நான்கு நாள் நடக்கும். ‘கெங்’ என்ற மூங்கில் குழல் வாத்தியம் ஓயாமல் ஒலிக்கும். வழிகாட்டும் பாடலைப் பாடுபவர், இறந்தவர் வாழ்ந்த ஒவ்வோர் ஊரையும் பெயர் சொல்லிக் கடக்க வைப்பார். செயின்ட் பாலில் இறந்தவர் என்றால் செயின்ட் பாலில் தொடங்கி, முகாம் வழியாக, மெக்கோங்கைத் தாண்டி, பிறந்த கிராமம் வரை. அங்கே மண்ணில் புதைத்த நஞ்சுக்கொடியை எடுத்துப் போர்த்திக்கொண்டால்தான் முன்னோரிடம் போக முடியும். அது ஆன்மாவின் முதல் சட்டை. பிரேதத்தின் உடையில் உலோகப் பொத்தான்கூட இருக்கக் கூடாது. இவ்வளவு கவனமாக அனுப்பும் உடலை ஒருவர் திறந்து, மூளையையும் இதயத்தையும் எடுத்துப் பார்த்து, தைத்துக் கொடுத்தால்? அடுத்த பிறவியில் அந்தக் குறையோடு பிறப்பார், அல்லது ஆன்மா விடுபடாமல் அலையும். உயிரோடிருப்பவர்களுக்கும் அதனால் ஆபத்து.

1987 டிசம்பரில் ரோட் ஐலண்டில் 23 வயது மோங் இளைஞர் ஒருவர் இறந்தார். மாநில மரண விசாரணை அதிகாரி பெற்றோரைக் கேட்காமல் பரிசோதனை செய்துவிட்டார். மகனின் ஆன்மா விடுதலையாகாது, திரும்பி வந்து குடும்பத்தில் இன்னொருவரைக் கொண்டுபோகும் என்பது பெற்றோரின் நம்பிக்கை. வழக்குப் போட்டார்கள். 1990 ஜனவரியில் கூட்டாட்சி நீதிபதி ரேமண்ட் பெட்டின் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார்: குற்றச் சந்தேகமும் இல்லை, தொற்று அபாயமும் இல்லை, அப்படியிருக்க மத உரிமையை மீற அரசுக்கு வலுவான காரணம் இல்லை. இழப்பீட்டை மட்டும் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

மூன்று மாதத்தில் எல்லாம் தலைகீழானது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஓரிகான் மாநிலத்து வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. பெயோட்டி என்ற கள்ளியைப் பூர்வகுடி வழிபாட்டில் உட்கொண்டதற்காக வேலை இழந்தவர்களின் வழக்கு அது, ஸ்மித் வழக்கு. எல்லோருக்கும் பொதுவான சட்டம் ஒன்று யாரோ ஒருவரின் மத நடைமுறையைத் தற்செயலாகத் தடுத்தால், அதற்காக விலக்குத் தர அரசியல் சட்டம் கட்டாயப்படுத்தாது என்றது தீர்ப்பு. பிரேதப் பரிசோதனைச் சட்டமும் எல்லோருக்கும் பொதுவானதுதானே. நவம்பரில் பெட்டின் தன் சொந்தத் தீர்ப்பையே திரும்பப் பெற்றார். மிகுந்த வருத்தத்தோடுதான் இதைச் செய்கிறேன் என்று எழுதினார். நீதிமன்றத்தில் கூடியிருந்த மோங் மக்கள் சத்தமில்லாமல் அழுததையும் தன் தீர்ப்பில் பதிவு செய்தார். நீதிபதிகள் இப்படி எழுதுவது அபூர்வம். ஆனால் அந்தக் குடும்பத்துக்குக் கையில் கிடைத்தது ஒன்றுமில்லை.

ஸ்மித் தீர்ப்பை மாற்ற 1993இல் நாடாளுமன்றம் மத சுதந்திர மீட்புச் சட்டம் கொண்டுவந்தது. 1997இல் உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டம் மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது என்றுவிட்டது. மரண விசாரணை அதிகாரிகள் மாநிலத்துக்கோ மாவட்டத்துக்கோ உட்பட்டவர்கள். எனவே எந்த மாநிலத்தில் இறக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது உங்கள் உரிமை.

விடை

இப்படி அறுத்துப் பார்த்ததில் கிடைத்தது என்ன? வெறுங்கண்ணுக்கு ஒன்றுமில்லை. அடைப்பு இல்லை, ரத்தக்கசிவு இல்லை. சிகாகோவின் ராபர்ட் கிர்ஷ்னர் 1986இல் 18 பேரின் இதயங்களை நுணுக்கமாக ஆராய்ந்து, மின்துடிப்பைக் கடத்தும் பாதையில் பெரும்பாலானவற்றில் பிறவிக் கோளாறுகள் இருப்பதாகச் சொன்னார். அது சரியான திசைதான், ஆனால் முழு விடை இல்லை.

1992இல் ஸ்பெயினைச் சேர்ந்த பெட்ரோ, ஜோசப் புருகாடா சகோதரர்கள் எட்டு நோயாளிகளை விவரித்தார்கள். இதயம் பார்வைக்கு நன்றாக இருக்கும், ஈ.சி.ஜி.யில் மட்டும் வலப்பக்க நெஞ்சுக் கம்பிகளில் ஒரு விசித்திரமான மேடு தெரியும். திடீரென்று இதயம் துடிதுடித்து நின்றுவிடும். 1997இல் தாய்லாந்து மருத்துவர் கூன்லாவீ நடெமனீயின் குழு, இதேபோல் தூக்கத்தில் சாவின் விளிம்புக்குப் போய்ப் பிழைத்த தாய்லாந்து ஆண்களிடம் அதே ஈ.சி.ஜி.யைக் கண்டது. தாய்லாந்தில் அதற்கு ‘லாய் தாய்’ என்று பெயர், பிலிப்பைன்ஸில் ‘பங்குங்கொட்’, ஜப்பானில் ‘பொக்குரி’. மோங் அகதிகள் கொண்டுவந்த புது நோய் அல்ல. வட்டாரம் முழுக்கத் தெரிந்த பழைய சாவு. 1998இல் சோடியம் அயனியை உள்ளே விடும் வாயிலுக்கான எஸ்.சி.என்.5.ஏ என்ற மரபணுவில் மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டது. 2002இல் இந்த இரவு மரணமும், அந்தச் சகோதரர்களின் பெயரால் வழங்கும் புருகாடா நோயும் ஒன்றே என்று மரபணு அளவில் காட்டினார்கள்.

ஆண்களையே அதிகம் தாக்குவதும், ஓய்விலோ தூக்கத்திலோ வருவதும், வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் காய்ச்சலிலும் ஆபத்து கூடுவதும் இந்த நோயின் குணங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுக்காதே என்று பிலிப்பைன்ஸ் பாட்டிகள் எப்போதோ சொன்னது இதைத்தான்.

மின்கோளாறு உயிரோடிருக்கும் இதயத்தில்தான் தெரியும். நின்றுபோன இதயத்தை எத்தனை துண்டாக வெட்டினாலும் ஈ.சி.ஜி. கிடைக்காது. பரிசோதனைகள் வீண் என்று சொல்லவில்லை. விஷமில்லை, தொற்றில்லை, கொலையில்லை என்று உறுதியானதே அவற்றால்தான். ஆனால் முதல் சில சடலங்களுக்குப் பிறகும் அதே கேள்வியோடு அதே கத்தியைத்தான் எடுத்தார்கள். இறந்தவரின் அண்ணன் தம்பிகளை வரச்சொல்லி நெஞ்சில் கம்பி வைத்துப் பார்த்திருக்கலாம். யாரும் அறுபடாமல் முடிந்திருக்கக்கூடிய வேலை அது. அன்று அந்த மேட்டுக்கு என்ன பொருள் என்று தெரியாது என்பார்கள்; அதுவும் நியாயம்தான். 1980களில் இறந்த மோங் ஆண்களில் பெரும்பாலோருக்கு புருகாடா இருந்தது என்பதுகூட இன்றும் ஊகம்தான், வலுவான ஊகம்.

இப்போது

சில இடங்களில் மருத்துவமனைகள் மாறியிருக்கின்றன. மெர்சட் நகரின் மெர்சி மெடிக்கல் சென்டர் 2009இல் சாமியாடிகளுக்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. ஆன்மாவை அழைப்பது, தாழ்ந்த குரலில் மந்திரம் சொல்வது உட்பட ஒன்பது சடங்குகளுக்கு அனுமதி. பயிற்சி முடித்த சாமியாடிகள் பாதிரியார்களைப் போலவே வார்டுக்குள் போய்வரலாம். பன்றிக்கும் கண்டாமணிக்கும் உள்ளே இடமில்லை, அது வீட்டில். நோயாளி சொன்னபடி மருந்து சாப்பிடுகிறார், பயமில்லாமல் படுக்கிறார் என்றால் மருத்துவமனைக்கு நஷ்டம் என்ன?

சட்டத்தில் கலிபோர்னியா கொஞ்சம் இறங்கி வந்தது. மத நம்பிக்கைச் சான்று ஒன்றை சாட்சிகளோடு எழுதி வைத்திருந்தால், குற்றச் சந்தேகமோ தொற்று அபாயமோ இல்லாத வரை பரிசோதனை கூடாது. ஆனால் அதை எழுத வேண்டியது உயிரோடு இருக்கும்போது, அவரே. முப்பது வயதில் நல்ல உடம்போடு படுக்கப்போகிறவன் எந்த ராத்திரி அப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படுப்பான்?

வீட்டில் யாராவது இளவயதில் தூக்கத்தில் இறந்திருந்தால், அவருடைய உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்ள வேண்டும், காய்ச்சல் வந்தால் உடனே குறைக்க வேண்டும் என்று இதயநோய் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு நெஞ்சில் ஐ.சி.டி. கருவி வைக்கிறார்கள், இதயம் துடிதுடித்தால் அதுவே ஷாக் கொடுத்துச் சரிசெய்துவிடும். கருவி உலோகம். உலோகத்தோடு புதைக்கக் கூடாது என்னும் குடும்பத்தில், இறந்த பிறகு அதை எடுத்துவிடுவது பற்றி வைக்கும் முன்பே மருத்துவர் பேசிவிடுவது நல்லது.